பதினான்காம் வரிசை

ஜூன் 9

மேட்டு நாற்றங்கால் பொறுப்பாளருக்கு,

நீங்கள் அனுப்பிய வேர்ப் பைகள் ஆறும் மண் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. மூன்று பைகளில் சீட்டு நனைந்து எழுத்து ஓடியிருக்கிறது. இனிமேல் பேனா வேண்டாம், பென்சிலால் எழுதவும்.

ஆறிலும் வேர்ப்பூஞ்சை இல்லை. ஒரு நூல்கூட இல்லை. நல்ல மண்ணில் வளரும் கன்றின் வேருக்குள் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை ஒன்று குடியிருக்கும். அது நூல் விட்டு, வேர் எட்டாத இடத்திலிருந்தெல்லாம் தண்ணீரும் சத்தும் கொண்டுவந்து கொடுக்கும். சுரங்கத்தின் அடியிலிருந்து தோண்டிக் கொட்டிய மண்ணில் அது இருக்காது. உங்கள் கன்றுகள் தனியாக நின்று சாகின்றன. தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை.

வழக்கமாக முடிவை அச்சிட்ட தாளில் அனுப்புவதோடு சரி, கடிதம் எழுதுவதில்லை. சீட்டில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததால் எழுதுகிறேன். எங்கள் வீட்டு மளிகைப் பட்டியலை ஐந்து வருடம் எழுதிய கையெழுத்து அது.

நீங்கள் அங்கே என்ன செய்கிறீர்கள்?

பரிசோதனை உதவியாளர்


ஜூன் 17

எறும்புக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. உன் அண்ணன் வைத்த பெயர். அவர் இல்லாத நேரத்தில் எடுத்துப் புழங்கினால் உனக்குக் கோபம் வரலாம். ஆனால் சர்க்கரை டப்பாவை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது.

என்ன செய்கிறாய் என்று கேட்டாய். கன்று நடுகிறேன். சுரங்கத்தை மூடிய பிறகு மேட்டில் மரம் வளர்க்க ஆள் கேட்டார்கள். வந்துவிட்டேன். மேட்டடியில் ஒரு தகரக் கொட்டகை, அதில்தான் இருப்பு. பகலில் நாலு பெண்கள் வேலைக்கு வருவார்கள். ஐந்து மணி ஆனால் டிராக்டரில் ஏறிப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் குழாயைத் திறந்து விட்டால்தான் ஏதாவது சத்தம். சில நாள் தண்ணீர் தேவையில்லாமலே திறந்துவிடுகிறேன். செல்போன் இங்கே எடுக்காது. லாரிக்காரர் புதன்கிழமை புதன்கிழமை வருவார், அவரிடம் பையோடு இதையும் கொடுக்கிறேன்.

மூன்று வருடமாக இங்கே இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான். அடுத்த மே மாதம் அளவுக்காரர் வந்து கன்றுகளை எண்ணுவார். நட்டதில் நூற்றுக்கு அறுபது உயிரோடு நின்றால் மேட்டை மேடாகவே விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் இயந்திரம் வைத்து வெட்டி, சாலை போட மண்ணை ஏற்றிவிடுவார்கள். உன் அண்ணன் இன்னும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறார். அவரை லாரியில் அள்ளிக்கொண்டுபோய் எந்த ஊர்ச் சாலையிலோ கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

போன வருடம் நட்டதில் முக்கால்வாசி போய்விட்டது. பூஞ்சை என்றால் பழைய ரொட்டியில் பிடிக்குமே, அதுவா? அதை எங்கே வாங்குவது? எப்படிப் போடுவது? சொல். என்மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது. ஆனால் முதலில் பூஞ்சையைப் பற்றி எழுது.

அண்ணி


ஜூலை 3

அண்ணிக்கு,

ரொட்டியில் பிடிப்பது வேறு. இதைக் கடையில் வாங்க முடியாது, வளர்க்க வேண்டும். மொட்டை மாடியில் இருபது தொட்டிகளில் ஆற்று மணலைப் போட்டுச் சோளம் விதைத்திருக்கிறேன். காட்டு மரத்தடியிலிருந்து எடுத்த மண்ணை ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கலந்திருக்கிறேன். சோள வேரில் பூஞ்சை பெருகும். அப்புறம் சோளத்தட்டை வெட்டிவிட்டு, வேரையும் மணலையும் சேர்த்துக் கொத்தி அனுப்புவேன். கூடத்தில் கேட்டால் இது அவர்கள் வேலை இல்லை என்பார்கள். என் வேலையும் இல்லைதான்.

செய்முறை இவ்வளவுதான். குழியின் அடியில் இந்த வேர்மண் இரண்டு கை. கன்றின் வேர் அதைத் தொட வேண்டும். மேலே தூவினால் வீண். வெயிலில் காயவைக்காதீர்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். உரம் கூடவே கூடாது, அதிலும் சூப்பர் பாஸ்பேட் ஒரு சிட்டிகை கூடாது. வயிறு நிறைந்த கன்று பூஞ்சையை உள்ளே விடாது. இலை வெளுத்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தையும் எழுதச் சொன்னீர்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் மேடு சரிந்து அண்ணனின் டம்பர் லாரியை மூடியது. நான் வந்து சேர்ந்தது பத்தாம் நாள். ஒன்பதாம் நாளே தேடுவதை நிறுத்தச் சொல்லி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். எந்த இடம் என்று கேட்டேன். "தெரியாது" என்றீர்கள். ஒன்பது நாள் அங்கேயே நின்ற உங்களுக்கு எந்தப் பக்கம் என்றாவது தெரியாதா? மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே நின்று அழுவது என்றுகூடத் தெரியாமல் ஊர் திரும்பினேன். அதனால்தான் உங்களை, என் அண்ணன் மண்ணுக்குள் இருக்கட்டும் என்று விட்டவர் என்று எல்லோரிடமும் சொன்னேன். இப்போதும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

தொட்டிகளை அண்ணனுக்காக வைக்கிறேன், உங்களுக்காக இல்லை.


ஆகஸ்ட் 20

எறும்புக்கு,

மூட்டை பன்னிரண்டும் வந்தது. லாரிக்காரர் இறக்கும்போது, "என்னம்மா இது, மணலுக்கு நடுவுல இருந்துக்கிட்டு மணலை வரவழைக்கிறீங்க" என்றார். விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, "சரி, படிச்சவங்க சொன்னா இருக்கும்" என்று போனார். நம்பவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

நீ சொன்னபடியே செய்தோம். மேட்டைச் சுற்றிப் படிப்படியாக வெட்டி இருபது வரிசை, வரிசைக்கு முப்பது கன்று, தப்படிக்கு ஒன்று. மொத்தம் அறுநூறு. ஒவ்வொரு குழிக்கும் நானே இரண்டு கை அள்ளிப் போட்டேன். அந்தப் பெண்களிடம் விட்டால் மூன்று கை போட்டுவிடுவார்கள், நல்லது செய்கிற நினைப்பில். முட்டி இரண்டும் இப்போது மடங்க மாட்டேன் என்கிறது. போகட்டும்.

கோபத்தை எழுதிவிட்டாய். இப்போது என்னுடையதையும் கேள். அத்தை போய் இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு அது எப்போது தெரியும்? பதினோரு மாதம் கழித்து, இதே லாரிக்காரர் சொல்லித்தான். அவர் என்னிடம் துக்கம் விசாரிக்கிறார், எனக்கு யாருக்காக என்றே தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அத்தைக்கு நான்தான் தலை வாரிவிடுவேன். வேறு யாராவது சீப்பைத் தொட்டால், "அவ வரட்டும்" என்பார்கள். அது உனக்கும் தெரியும்.

கையெழுத்துப் போட்டேன், உண்மை. மற்றதைப் பேச எனக்கு இப்போது வராது.

அண்ணி


அக்டோபர் 28

அண்ணிக்கு,

வரிசைக்கு இரண்டாக நீங்கள் அனுப்பிய நாற்பது பை வேரையும் பார்த்துவிட்டேன். வேரைக் காரநீரில் வேகவைத்து வெளுக்கச் செய்து, வினிகரில் பேனா மையைக் கலந்து ஊறவைப்போம். பூஞ்சை மட்டும் நீலமாகப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கடிதமும் அதே மைதான், கூடத்தில் வேறு பேனா இல்லை. விரல் பத்தும் நீலமாகத் திரிகிறேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார யோசிக்கிறார்கள்.

பிடித்துவிட்டது, அண்ணி. பெரும்பாலான வேர்களில் பாதிக்குமேல் நீலம். நான் கூடத்துக்கு வந்த இத்தனை வருடத்தில் சுரங்க மண்ணில் இப்படிப் பார்த்ததில்லை. சொல்வதற்கு ஆள் தேடினேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அதனால் திரும்பவும் ஒரு தரம் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். பதினான்காம் வரிசையிலிருந்து இரண்டு பை அனுப்பியிருந்தீர்கள். இரண்டிலும் ஒன்றுமே இல்லை. கூட வந்த இலை மட்டும் கரும்பச்சையாக, கொழுகொழுவென்று இருக்கிறது. யாரோ அதற்கு உரம் போடுகிறார்கள். யார் என்று கண்டுபிடித்து நிறுத்துங்கள். அந்த வரிசையின் முப்பது கன்றிலிருந்தும் ஒவ்வொரு துண்டு வேர் எடுத்து அனுப்புங்கள்.


நவம்பர் 12

எறும்புக்கு,

யாரும் உரம் போடவில்லை. ஆடு ஏதாவது புகுந்திருக்கும். ஆட்டுப் புழுக்கையும் உரம்தானே.

நீ கேட்ட முப்பது பையும் இதோடு வருகிறது. பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.

அண்ணி


டிசம்பர் 1

அண்ணிக்கு,

ஆடு வரிசையாக எண்ணிப் போகாது.

முப்பது பையையும் மேசைமேல் நீங்கள் நட்ட வரிசைப்படியே பரப்பி வைத்தேன். ஒன்று முதல் எட்டு வரை நீலம். இருபத்திரண்டு முதல் முப்பது வரை நீலம். நடுவில் ஒன்பதிலிருந்து இருபத்தொன்று வரை வெறும் வெள்ளை வேர். பதின்மூன்று கன்று. தப்படிக்கு ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். பதின்மூன்று தப்படி.

பிறகு கூடத்துக்கு வெளியே போனேன். மண் கொண்டுவந்த டம்பர் ஒன்று வாசலில் நின்றிருந்தது. முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் தப்படி எண்ணி நடந்தேன், பதின்மூன்றுதான். டிரைவர் என்ன தொலைத்தீர்கள் என்று கேட்டார்.

நீங்கள் வேறு வரிசை வேரைப் போட்டு அனுப்பியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அப்படிச் செய்யவில்லை.

அண்ணி, அங்கேதானா?


டிசம்பர் 18

எறும்புக்கு,

அங்கேதான்.

எட்டாம் நாள் மத்தியானம் மீட்புக்காரர்கள் தோண்டும்போது லாரியின் பக்கக் கண்ணாடி வந்தது. உடையாமல் முழுசாக. அப்போது அங்கே இருந்தது மீட்புத் தலைவரும் நானும் இரண்டு ஆட்களும். இன்னும் நாலு ஆள் ஆழம் என்றார்கள். அப்படிச் சொன்ன ஒரு மணி நேரத்தில் மேடு மறுபடி நகர்ந்தது. அந்த இரண்டு ஆட்களும் நெஞ்சுவரை புதைந்துபோனார்கள். ஒருவன் "அம்மா, அம்மா" என்று என்னைப் பார்த்துத்தான் கூப்பிட்டான், வேறு பெண்பிள்ளை அங்கே இல்லை. இருவரையும் எடுத்துவிட்டார்கள். ஒருவனுக்குக் கால் போயிற்று.

மறுநாள் காலையில் தலைவர் தாளை நீட்டினார். "நீங்க தோண்டுங்கன்னா தோண்டுவோம்மா. உயிரோட இருக்க வாய்ப்பில்ல. ஆனா நீங்க சொன்னா இறங்குவோம்." அவருக்குப் பின்னால் ஆறு பேர் மண்வெட்டியோடு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் உன் அண்ணன் வயதுதான் இருக்கும். கையெழுத்துப் போட்டேன். திரும்பக் கேட்டாலும் போடுவேன். ஆனால் அன்றைக்குப் பிறகு ஒரு நாள்கூட நான் சரியாகத் தூங்கினதில்லை.

அடுத்த நாள் நீ வந்தாய். வந்த வேகத்தில் மண்ணைக் கையால் பறண்டினாய். இடத்தைக் காட்டியிருந்தால் உன்னை அங்கிருந்து கிளப்பியிருக்க முடியுமா? மேடு இன்னும் அடங்கவில்லை. அவரையும் கொடுத்துவிட்டு உன்னையும் கொடுக்க வேண்டுமா? தெரியாது என்று சொல்லிவிட்டேன். சொன்னது ஒரு சொல், அதற்கப்புறம் நாலு வருடம் அதை நான் மாற்றவில்லை. உன் கோபமும் வசதியாக இருந்தது. என்னை யாராவது திட்டிக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

உரம் போட்டது நான்தான். பொய் சொன்னதற்கு மன்னித்துவிடு. நீ பொறுத்துக்கொள்ளச் சொன்னாய், ஐந்நூற்று எண்பத்தேழு கன்றுக்குப் பொறுத்துக்கொண்டேன். இந்தப் பதின்மூன்றும் வெளுத்து நின்றதை மட்டும் பார்க்க முடியவில்லை. உன் அண்ணன் பசி தாங்கமாட்டார். ஒரு மணிக்குச் சோறு வரவில்லையென்றால் முகம் எப்படிப் போகும் என்று உனக்கே தெரியும். அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்குமுன்தான் மேடு சரிந்தது. பட்டினியாகப் போனார். வெள்ளிக்கிழமை தோறும் கன்றுக்கு ஒரு பிடி சூப்பர் போட்டேன். போடும்போது கன்றை நினைக்கவில்லை.

கண்ணாடியைக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதில் பார்த்துத்தான் தலை வாருகிறேன்.

அண்ணி


ஜனவரி 14

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கூடத்தில் வைத்துப் படித்திருக்கக்கூடாது.

முதலில் கன்று. உரத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நிறுத்தினாலும் அந்தப் பதின்மூன்றும் பிழைக்கும் என்று சொல்ல முடியவில்லை. சொகுசாக வளர்ந்துவிட்டன, வேர் ஆழம் போயிருக்காது, கோடையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க அவற்றுக்கு ஆள் இல்லை. ஏப்ரலில் காயும். காய்ந்தால் உங்கள்மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். மற்றவை நின்றால் கணக்குக்குப் போதும்.

இரண்டாவது. அம்மாவின் சாவை உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது நான்தான், வேறு யாரும் இல்லை. அம்மா கடைசி வாரத்தில், "அவளுக்குச் சொல்லி அனுப்புடி" என்றாள். அனுப்பிவிட்டேன் என்று பொய் சொன்னேன். இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சீப்பை எடுத்துக்கொண்டு போனேன். "இருக்கட்டும், அவ வரட்டும்" என்றாள். தலை வாராமலேதான் போனாள்.

அண்ணனை நீங்கள் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். இந்த வீட்டில் இப்போது நான் ஒருத்திதான். இதைச் சொல்ல இங்கே யாரும் இல்லை, அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

எறும்பு


மே 22

எறும்புக்கு,

நான்கு மாதமாக எழுதவில்லை. கோபம் இல்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு, தினமும் காலையில் கண்ணாடி முன்னால் சீப்பை எடுப்பேன். எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். அவ்வளவுதான், வேறு எழுத ஒன்றும் இல்லை. அத்தை என்மேல் கோபமாகப் போகவில்லை என்று தெரிந்ததே போதும் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும். இரண்டும் உண்மை.

அளவுக்காரர் போன திங்கட்கிழமை வந்தார். குடையும் நாடாவும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கன்றாகக் கிள்ளிப் பார்த்தார், பச்சை இருக்கிறதா என்று. நான் பின்னாலேயே போனேன். "கூட வராதீங்கம்மா, கணக்கு தப்பிடுது" என்றார். கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அறுநூற்றில் முந்நூற்று எண்பத்தொன்று. வேண்டியது முந்நூற்று அறுபது. மேட்டைத் தொட மாட்டார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அவர் போன பிறகு மேலே ஏறினேன். சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் ஏறினேன். நீ சொன்னது சொன்னபடியே, ஏப்ரல் பத்துக்குள் பதின்மூன்றும் காய்ந்துவிட்டது. சுற்றிலும் இடுப்பளவு பச்சை. அவர் இருக்கிற இடம் மட்டும் மொட்டை. நான் ஊட்டிக் கொன்றதுதான். இவ்வளவு பெரிய மேட்டில் அவருக்கு மட்டும் நிழல் இல்லை. அங்கேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

மழைக்கு முன்னால் பதின்மூன்று குழி வெட்டிவைத்திருக்கிறேன். வேர்மண் மிச்சம் இருந்தால் அனுப்பு.

அண்ணி


ஜூன் 5

அண்ணிக்கு,

வேர்மண் நிறைய இருக்கிறது. ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். எட்டாம் கன்றின் பக்கத்திலும் இருபத்திரண்டாம் கன்றின் பக்கத்திலும் ஒரு சாண் தோண்டி, அவற்றின் வேரோடு இருக்கும் மண்ணை அள்ளி அந்தக் குழிகளில் போடுங்கள். அந்த மண்ணிலேயே பிழைத்த பூஞ்சை அது. நான் மாடியில் வளர்ப்பதைவிட வலுவானது. பக்கத்துக் கன்றிலிருந்தும் நூல் விட்டு வந்துசேரும்.

பன்னிரண்டு குழியில் நடுங்கள். கடைசிக் குழியை எனக்கு விட்டுவையுங்கள். வருவேனா என்று தெரியவில்லை. இரண்டு தடவை பையில் துணி எடுத்துவைத்து, இரண்டு தடவை வெளியே எடுத்துவிட்டேன். அந்த மேட்டை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்று யோசித்தாலே கால் வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் விட்டுவையுங்கள்.

எறும்பு


ஜூன் 18

எறும்புக்கு,

பன்னிரண்டையும் நட்டுவிட்டேன். பதின்மூன்றாவது குழியில் மழைத்தண்ணீர் நிற்கிறது. கன்று கொட்டகை நிழலில் இருக்கிறது.

லாரிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த புதன்கிழமை காலை ஆறரைக்கு உங்கள் கூடத்து வாசலில் நிற்பார். முன் சீட்டில் ஒரு ஆள் உட்காரலாம். நீ வரவில்லையென்றால் அதில் சிமென்ட் மூட்டை வரும், ஒன்றும் குறைந்துவிடாது. வந்தால் மேலே ஏறும் வழியை நான் காட்டுகிறேன், நீ எந்தப் பக்கமும் யோசிக்க வேண்டாம்.

சீப்பை மட்டும் கொண்டுவா. அத்தையுடையது.

அண்ணி


அக்டோபர் 16

வேர்ப் பைச் சீட்டு

வரிசை: 14. கன்று: 21.
நட்ட நாள்: ஜூன் 25.
நட்டவர்: எறும்பு.
குறிப்பு: மற்ற பன்னிரண்டும் நன்றாக இருக்கிறது. நீ நட்டதுதான் இலை கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிகிறது. நீ ஊருக்குப் போனதிலிருந்து தினமும் போய்ப் பார்க்கிறேன். இன்னும் ஒன்றும் போடவில்லை, சத்தியமாக. ஒரே ஒரு பிடி போடட்டுமா?


அக்டோபர் 23

அண்ணி,

வேரை நேற்றே வேகவைத்தேன், இன்று காலை பார்த்தேன். கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்திக் காட்டினேன். நுனி வரைக்கும் நீலம்.

ஒன்றும் போடாதீர்கள். அதற்குப் பசி இல்லை.

எறும்பு